சவ்வு எங்கே தொடங்குகிறது? ஒரே புரதம், இரண்டு தரவுத்தளம், இரண்டு பதில்

#1 கயல்

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிஎச்டி இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். செல் சவ்வைத் துளைத்துக்கொண்டு நிற்கும் புரதங்களில், ஒரு ஹெலிக்ஸ் (சுருள்) சவ்வுக்குள் நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் எந்த அமினோ அமிலங்கள் அதிகம் என்று எண்ண வேண்டும். டிரிப்டோஃபேனும் டைரோசினும் ஓரங்களில் கூடும், லைசினும் ஆர்ஜினினும் செல்லின் உட்பக்கம் கூடும் என்பதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. இன்றைக்குக் கிடைக்கும் அமைப்புகளை வைத்து அதை மறுபடி சரிபார்க்கலாம் என்பது கைடின் யோசனை. எண்ணுவது பெரிய வேலை இல்லை, சவ்வு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று யாராவது சொல்லிவிட்டால்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். மிச்சிகன்காரர்களின் ஓபிஎம், புடாபெஸ்ட்காரர்களின் பிடிபிடிஎம் என்ற இரண்டு தரவுத்தளங்களிலிருந்தும் சவ்வின் எல்லைகளை இறக்கி ஒப்பிட்டேன். பல புரதங்களில் இரண்டு மூன்று ரெசிடியூதான் (சங்கிலியில் ஓர் அமினோ அமிலம் ஒரு ரெசிடியூ) வித்தியாசம், போகட்டும். சிலவற்றில் ஐந்தாறு. ஹெலிக்ஸில் ஒரு சுற்றுக்கு 3.6 ரெசிடியூ என்றால் இது ஒன்றரைச் சுற்று. நான் தேடுவதே ஓரத்தை, அந்த ஓரமே ஒன்றரைச் சுற்று நகர்ந்தால் எதை எண்ணுவது? இன்னும் சிலவற்றில் ஹெலிக்ஸ் எண்ணிக்கையே ஒத்துப்போகவில்லை.

அப்புறம் இன்னொன்று, வெட்கத்தோடுதான் சொல்கிறேன். கேசிஎஸ்ஏ என்ற பொட்டாசியம் சேனல் எல்லோருக்கும் தெரிந்தது. புரத அமைப்புகளின் காப்பகமான பிடிபியில் உள்ள அதன் 1கே4சி கோப்பைப் போட்டதும் என் அட்டவணை, சவ்வைக் கடக்கும் ஹெலிக்ஸ் பூஜ்யம் என்றது. ஒரு நாள் முழுக்க ஸ்கிரிப்டைத் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு கோப்பைத் திறந்து பார்த்தால், 'ஏ' சங்கிலியும் 'பி' சங்கிலியும் ஆன்டிபாடித் துண்டு. சேனல் 'சி'யில் இருக்கிறது. என் ஸ்கிரிப்ட் முதல் சங்கிலியை எடுத்துக்கொண்டு போய்விட்டது. இப்படி இன்னும் எத்தனை உள்ளே ஒளிந்திருக்கிறதோ தெரியவில்லை.

இரண்டு தரவுத்தளங்களில் எதை நம்புவது?

---

#2 பைத்தான்_பாண்டி

முதல் சங்கிலியை எடுப்பது எல்லோரும் செய்யும் முதல் பாவம் கயல். வருத்தப்படாதீர்கள், எனக்கு அதைவிடப் பெரிய கதை இருக்கிறது.

2007-இல் வந்த பீட்டா-2 அட்ரினெர்ஜிக் ரிசெப்டர், 2ஆர்ஹெச்1. அந்த ரிசெப்டர் படிகமாக அடங்கி உட்கார வேண்டும் என்பதற்காக, உட்பக்கத்து மூன்றாவது வளையத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் டி4 லைசோசைமைச் செருகியிருப்பார்கள். அதுவும் அதே 'ஏ' சங்கிலிக்குள்! சங்கிலியைச் சரியாக எடுத்தாலும் தப்பிக்க முடியாது. அந்த வளையம் சுமார் 160 ரெசிடியூ நீளம், உள்ளே நிறைய ஹெலிக்ஸ் இருக்கிறது என்று நான் ஒரு கூட்டத்தில் படம் போட்டுக் காட்டிவிட்டேன். பின்வரிசையில் ஒருவர் மெதுவாகக் கையைத் தூக்கி, "தம்பி, அது பாக்டீரியாவைத் தின்னும் வைரஸோட புரதம்" என்றார். டெபாசிட் செய்தவர்கள் லைசோசைமுக்கு 1000-க்கு மேல் எண் கொடுத்துத் தெளிவாகவே பிரித்து வைத்திருந்தார்கள். பார்க்காதது என் தப்பு.

பாடம்: சங்கிலி எழுத்தை நம்பாதீர்கள், ரெசிடியூ எண்ணையும் நம்பாதீர்கள். ஒவ்வொரு ரெசிடியூவும் யூனிப்ராட் என்ற புரத வரிசைத் தரவுத்தளத்தில் எந்தப் புரதத்தின் எத்தனையாவது இடம் என்று சிஃப்ட்ஸ் என்ற பொருத்தப் பட்டியலில் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும். ஆன்டிபாடி, லைசோசைம், ஒட்டுவால் (ஆய்வகத்தில் சேர்த்த துண்டு) எல்லாம் அந்த வாசலிலேயே நின்றுவிடும்.

ஓபிஎம்-ஆ பிடிபிடிஎம்-ஆ என்பதற்கு என் யோசனை: இரண்டின் சராசரியை எடுங்கள். வேலை முடிந்தது.

---

#3 படிகக்காரன்

பாண்டி, முதல் பாதிக்குக் கை குலுக்குகிறேன். சராசரி மட்டும் வேண்டாம். இரண்டு பேருடைய கருத்தைக் கூட்டி இரண்டால் வகுத்தால் அது அளவீடு ஆகிவிடாது.

கயல், நீங்கள் தேடும் சவ்வு அந்தக் கோப்பில் கிடையாது. அதை முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

நாங்கள் செய்வது இதுதான். செல்லை உடைத்து, டிடர்ஜென்ட் ஊற்றிச் சவ்வைக் கரைத்து, புரதத்தை வெளியே இழுக்கிறோம். அதன் எண்ணெய்ப்பசை உள்ள இடுப்பைச் சுற்றி டிடர்ஜென்ட் ஒரு பட்டை மாதிரி ஒட்டிக்கொள்ளும். அப்படியே படிகமாக்குகிறோம். பட்டையில் இருக்கும் மூலக்கூறுகள் ஒழுங்கில்லாமல் அலைவதால் எக்ஸ்-ரே படத்தில் பெரும்பாலும் தெரியாது. சவ்வுப் புரதத்தில் முதன்முதலாக அணு அணுவாகக் கண்ட அமைப்பு, 1985-இல் டைசன்ஹோஃபர், மிஷெல், ஹூபர் ஆகியோரின் ஒளிச்சேர்க்கை மையம், 1988-இல் நோபல் வாங்கியது. அதில்கூட டிடர்ஜென்ட் எங்கே இருக்கிறது என்று பார்க்க அதே படிகத்தை நியூட்ரான் கற்றையில் தனியாக வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. அந்த வேலை 1989-இல்தான் வெளியானது. எல்லாப் புரதத்துக்கும் அப்படி யார் செய்வார்கள்?

ஆக பிடிபி கோப்பில் இருப்பது சவ்வை உரித்துப்போட்ட புரதம். அது எந்தப் பக்கம் சாய்ந்து நின்றது, எது வரை மூழ்கியிருந்தது என்பது கோப்புக்கே தெரியாது. இரண்டு தரவுத்தளமும் அதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கின்றன. ஓபிஎம் என்ன செய்கிறது என்றால், எண்ணெய் போன்ற ஒரு பலகையை வைத்துக்கொண்டு, புரதத்தை அதில் ஏற்றி இறக்கிச் சாய்த்து, நீரிலிருந்து எண்ணெய்க்குப் போகும் ஆற்றல் எங்கே மிகக் குறைவோ அங்கே நிறுத்துகிறது. பலகையின் தடிமனையும் அதுவே தேடிக்கொள்ளும். பிடிபிடிஎம் பின்னால் இருக்கும் டிஎம்டெட் வேறு வழியில் போகிறது. புரதத்தைத் துண்டு துண்டாகச் சீவி, ஒவ்வொரு துண்டின் வெளிப்புறமும் எவ்வளவு நீர் வெறுப்பு, முதுகெலும்பு எவ்வளவு நேராகப் போகிறது என்று மதிப்பெண் போட்டுத் தளத்தைத் தேர்ந்தெடுக்கிறது. இன்னொரு வித்தியாசம்: எது உட்பக்கம் எது வெளிப்பக்கம் என்பதை ஓபிஎம் ஆய்வுக்கட்டுரைகளைப் பார்த்துக் குறிக்கிறது. பிடிபிடிஎம் பக்கம் 1, பக்கம் 2 என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. தெரியாததைத் தெரியாது என்று வைப்பது எனக்குப் பிடிக்கும்.

ஓபிஎம் கோப்பைத் திறந்தால் மேலும் கீழும் சிவப்பு நீலப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். நிறைய பேர் அவை ஏதோ கண்ட அணுக்கள் என்று நினைக்கிறார்கள். அவை கணக்கின் முடிவைக் காட்ட வைத்த பொம்மைப் புள்ளிகள்.

---

#4 வேதி_வாத்தியார்

கல்லூரியில் உயிர்வேதியியல் எடுக்கிறேன். சவ்வின் எண்ணெய்ப் பகுதி 30 ஆங்ஸ்ட்ராம், ஹெலிக்ஸில் ரெசிடியூவுக்கு 1.5 ஆங்ஸ்ட்ராம், எனவே 20 ரெசிடியூ என்று பலகையில் எழுதிக் காட்டிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அதுவும் பலகைக் கணக்குதானா?

---

#5 படிகக்காரன்

சார், வகுப்புக்கு அது நல்ல கணக்கு. நிறுத்த வேண்டாம். ஆனால் எல்லாச் சவ்வும் 30 இல்லை. கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாவின் வெளிச்சவ்வு மெலிசு, 24 பக்கம் வரும். ஹெலிக்ஸும் செங்குத்தாக நிற்காது. சாய்ந்தால் நீளம் கூடும். 30 என்று ஸ்கிரிப்டில் நிரந்தரமாக எழுதிவைத்தால்தான் தப்பு.

---

#6 நடுக்கடல்

நான் கிரையோ-எலக்ட்ரான் நுண்ணோக்கி ஆள். படிகக்காரன் அண்ணாவுக்குத் தெரியாத அந்தப் பட்டை எங்களுக்குத் தெரியும். மேப்பில் (அடர்த்திப் படத்தில்) காட்டும் அடர்த்தியின் கீழ்வரம்பைக் கொஞ்சம் தாழ்த்தினால் புரதத்தின் இடுப்பில் மங்கலாக ஒரு டயர் மாதிரி வரும். 2013-இல் டிஆர்பிவி1 என்ற சேனலின் அமைப்பு வந்த பிறகு எங்கள் பக்கம் சவ்வுப் புரதங்கள் மளமளவென்று வர ஆரம்பித்தன. அந்த டயரை வைத்தே எல்லையைக் குறிக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் அது டிடர்ஜென்டின் டயர், சவ்வின் தடிமன் அல்ல. நானோடிஸ்க் என்ற குட்டித் தட்டில் லிப்பிடோடு (சவ்வின் கொழுப்போடு) வைத்துப் பார்த்தால் நம்பகம் கூடும். ஆகவே எந்த மேப்பில் எதைப் பார்த்தோம் என்பதை எழுதிவைக்காமல் எல்லையை மட்டும் எழுதினால் பாதி உண்மைதான்.

ஆக்ஸ்ஃபோர்டின் மெம்ப்ராட்எம்டி பக்கத்தையும் பாருங்கள் கயல். அவர்கள் பலகை வைப்பதில்லை. புரதத்தைச் சுற்றி லிப்பிடுகளைக் கொட்டி, சிமுலேஷனில் அவையே அடுக்கிக்கொள்ள விடுகிறார்கள். சில புரதங்களுக்குப் பக்கத்தில் சவ்வு தட்டையாக நிற்பதே இல்லை, மெத்தையில் உட்கார்ந்த மாதிரி குழிகிறது. அங்கே இரண்டு இணையான தளங்களைப் போட்டுவிட்டு ஓரம் எந்த ரெசிடியூ என்று கேட்டால் கேள்வியே தவறு.

இனி உங்கள் வேலைக்கு நேராக வருகிறேன். இதைச் சொன்னால் உங்களுக்குக் கோபம் வரலாம்.

எல்லை எப்படி வந்தது? எந்த அணு நீரை விரும்பும், எது எண்ணெயை விரும்பும் என்ற அட்டவணையிலிருந்து. அந்த எல்லையை வாங்கி, உள்ளே எண்ணெய் விரும்பும் அமினோ அமிலங்கள் அதிகம் என்று நீங்கள் கண்டுபிடித்தால், அந்த அட்டவணையைத்தான் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். லைசின், ஆர்ஜினின் கதை இன்னும் மோசம். உட்பக்கம் நேர்மின் சுமை கூடும் என்று குன்னார் வான் ஹைனே 1986-இல் காட்டினார். பிறகு வந்த டிஎம்ஹெச்எம்எம் போன்ற கணிப்பு மென்பொருள்கள் அதை வைத்தே உட்பக்கம் எது என்று முடிவு செய்கின்றன. அப்படி முடிவு செய்த ஒரு பட்டியலில் போய் லைசின் எந்தப் பக்கம் என்று எண்ணினால், நாமே ஒளித்துவைத்து நாமே எடுக்கிற கதை.

---

#7 கயல்

அக்கா, கோபம் இல்லை. வயிறுதான் கலங்குகிறது. இதைக் கைடிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்படியென்றால் நான் செய்ய வந்ததே செய்ய முடியாதா?

---

#8 நடுக்கடல்

முடியும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் "இது எப்படித் தெரியும்" என்று ஒரு பத்தி, அதாவது நெடுவரிசை, வையுங்கள். சில புரதங்களில் பக்கம் எது என்பதைச் சோதனைச்சாலையில் கண்டிருப்பார்கள். ஒரு இடத்தில் சிஸ்டீனை வைத்து, சவ்வைத் தாண்டாத ஒரு வேதிப்பொருள் அதைத் தொடுகிறதா என்று பார்ப்பது, வாலில் பிஎச்ஓஏ நொதியையோ ஜிஎஃப்பி ஒளிர்புரதத்தையோ ஒட்டி எது வேலை செய்கிறது என்று பார்ப்பது, ஸ்பின் லேபிள் (காந்தப் புலத்தில் அடையாளம் காட்டும் ஒட்டு) போட்டு எவ்வளவு ஆழம் என்று அளப்பது என்று பல வழி உண்டு. இப்படிச் சோதனையில் கண்டவற்றை மட்டும் திரட்டியவை இருக்கின்றன. அர்வைனில் ஸ்டீஃபன் வைட் ஆய்வகத்தின் எம்பிடோப்போ, புடாபெஸ்டின் டாப்டிபி. உங்கள் லைசின் கணக்கை அந்த வரிகளில் மட்டும் போடுங்கள். சின்னப் பட்டியலாகத்தான் வரும், பரவாயில்லை.

---

#9 பைத்தான்_பாண்டி

சராசரி யோசனையை வாபஸ் வாங்குகிறேன்.

ஹெலிக்ஸ் எண்ணிக்கை ஒத்துப்போகவில்லை என்றீர்களே, அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. என் அனுபவத்தில் அதில் பாதி, வரையறைச் சண்டை. அக்வாபோரினை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு ஹெலிக்ஸ் முழுக்கக் கடக்கின்றன. இரண்டு அரை ஹெலிக்ஸ் ஆளுக்கொரு பக்கத்திலிருந்து பாதி தூரம் வந்து நடுவில் சந்திக்கின்றன. ஆறா, ஏழா, எட்டா? உங்கள் கேசிஎஸ்ஏ-யிலும் அதே கதை. இரண்டு ஹெலிக்ஸ் கடக்கின்றன, நடுவில் ஒரு குட்டி ஹெலிக்ஸ் வெளிப்பக்கத்திலிருந்து பாதி இறங்கி, பொட்டாசியத்தைச் சலிக்கும் வடிகட்டியாக மேலே திரும்பிப் போகிறது. லியூடி என்ற டிரான்ஸ்போர்ட்டரில் (பொருளைச் சவ்வு தாண்டிக் கடத்தும் புரதம்) முதல் ஹெலிக்ஸும் ஆறாவதும் நட்டநடுவில் பிரிந்து நூலாகிவிட்டு மறுபடி சுருள்கின்றன. ஒன்றா, இரண்டா?

விடை: எண்ணாதீர்கள். "கடப்பது", "பாதி வந்து திரும்புவது", "உடைந்தது" என்று தனித்தனி வகையாக வையுங்கள். எண்ணிக்கை வேண்டுகிறவர் தன் வரையறைப்படி எண்ணிக்கொள்ளட்டும்.

அப்புறம் முக்கியமானது: 1கே4சி-யில் சேனலின் ஒரே ஒரு சங்கிலிதான் இருக்கிறது. நிஜத்தில் நான்கு சேர்ந்தால்தான் சேனல். படிகச் சமச்சீரைப் போட்டு நான்காக்கிய பயாலஜிக்கல் அசெம்ப்ளி கோப்பைத்தான் இறக்க வேண்டும். ஒற்றைச் சங்கிலியைச் சவ்வில் நிறுத்தச் சொன்னால், பக்கத்துச் சங்கிலியைத் தொட வேண்டிய எண்ணெய்ப்பசை முகத்தையும் சவ்வைத் தொடும் முகமாக நினைத்துக்கொண்டு கணக்கு சாய்ந்துவிடும்.

---

#10 படிகக்காரன்

நான்காக்கும்போதும் கண்ணால் ஒருமுறை பாருங்கள். சில படிகங்களில் பக்கத்துப் பக்கத்து மூலக்கூறுகள் ஒன்று தலைகீழாக நிற்கும். படிகத்தில் அது வசதி, சவ்வில் அப்படி நிற்காது. மென்பொருள் அதையும் ஜோடி என்று சேர்த்துக் கொடுத்துவிடலாம்.

இதுவரை பேசியது எல்லாம், உள்ளே இருக்கும் அமைப்பு சரி என்ற நம்பிக்கையில். அமைப்பே தப்பாக இருந்தால்? இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு எம்எஸ்பிஏ கதை தெரிந்திருக்கும், கயலுக்காகச் சொல்கிறேன்.

2001-இல் ஸ்கிரிப்ஸில் ஜெஃப்ரி சாங் குழு, எம்எஸ்பிஏ என்ற ஏபிசி டிரான்ஸ்போர்ட்டரின் அமைப்பை சயின்ஸில் வெளியிட்டது. புற்றுநோய் மருந்துகளைச் செல்லிலிருந்து வெளியே தள்ளும் புரதத்துக்கு உறவுக்காரன் என்பதால் பெரிய பரபரப்பு. அதைத் தொடர்ந்து இன்னும் எம்எஸ்பிஏ அமைப்புகள், அப்புறம் ஈஎம்ஆர்ஈ என்ற வேறொரு டிரான்ஸ்போர்ட்டர். உயிர்வேதியியல் சோதனைகள் சில அந்த வடிவத்தோடு ஒத்துப்போகவில்லை. ஆனால் கண்ணுக்கு முன்னால் ஒரு படிக அமைப்பு இருக்கும்போது சோதனைக்காரர் சொல் எடுபடாது. 2006-இல் சூரிச்சில் டாசனும் லோக்கரும் சாவ்1866 என்ற இன்னொரு உறவுக்காரப் புரதத்தை 3 ஆங்ஸ்ட்ராம் ரெசல்யூஷனில் (எண் சிறிதானால் படம் தெளிவு) வெளியிட்டார்கள். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் சேரவே இல்லை.

சாங் திரும்பப் போய்த் தேடினார். ஆய்வகத்துக்குள் புழங்கிய ஒரு சிறு மென்பொருள், தரவில் இரண்டு நெடுவரிசைகளை இடம் மாற்றிப் போட்டிருந்தது. அதனால் ஒரு குறி தலைகீழானது. எலக்ட்ரான் மேப் கண்ணாடியில் பார்த்த மாதிரி இடவலம் மாறியது. 2006 டிசம்பரில் தொடங்கி ஐந்து கட்டுரைகளை அவரே திரும்பப் பெற்றார். மறுபடி கணக்குப் போட்ட அமைப்புகள் 2007-இல் வந்தன. மறைக்காமல் சொன்னார், அதை நான் மதிக்கிறேன்.

---

#11 வேதி_வாத்தியார்

ஒரு சந்தேகம். கண்ணாடிப் பிம்பம் என்றால் ஹெலிக்ஸ் எல்லாம் இடக்கைச் சுருளாக வந்திருக்குமே? 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்து ஜி.என். ராமச்சந்திரன் குழு போட்ட வரைபடம் அதைப் பிடித்திருக்காதா? எந்த கோணம் வரலாம், எது வரக்கூடாது என்பதுதானே அது. இன்றைக்கும் பிடிபி சரிபார்ப்பு அறிக்கையில் அது ஒரு வரி.

---

#12 படிகக்காரன்

நல்ல கேள்வி சார். 2 ஆங்ஸ்ட்ராம் என்றால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும். முதல் எம்எஸ்பிஏ 4.5 ஆங்ஸ்ட்ராம். அந்த மங்கலில் ஹெலிக்ஸ் என்பது வெறும் உருளை, கட்டை மாதிரி. கட்டைக்கு இடக்கை வலக்கை கிடையாது. கட்டைகளை அடுக்கிய விதம்தான் தலைகீழ். அந்தத் தப்பான அடுக்குக்குள் நல்ல வலக்கை ஹெலிக்ஸ்களை மனிதர்கள் பொருத்திவிட்டார்கள். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு ஹெலிக்ஸும் ஒழுங்காகத்தான் தெரியும்.

ராமச்சந்திரன் வரைபடத்துக்கு முதுகெலும்பின் எல்லா அணுவும் வேண்டும். குறைந்த ரெசல்யூஷனில் ரெசிடியூவுக்கு ஒரு ஆல்பா கார்பன் மட்டும் வைத்து டெபாசிட் செய்வதும் உண்டு, திருத்தி வந்த ஈஎம்ஆர்ஈ அப்படித்தான். அங்கே கோணமே கிடையாது, சரிபார்க்க என்ன இருக்கிறது? அதனால்தான் மூலத் தரவு வேண்டும் என்று எல்லோரும் கத்தினார்கள். 2008 பிப்ரவரியிலிருந்து எக்ஸ்-ரே அமைப்புகளுக்கு ஸ்ட்ரக்சர் ஃபாக்டர் கோப்பும் (அளந்த மூலத் தரவு) சேர்த்துக் கொடுத்தாக வேண்டும் என்று பிடிபி விதி ஆனது. யார் வேண்டுமானாலும் திரும்பக் கணக்குப் போடலாம்.

இதில் வேடிக்கை, ஈஎம்ஆர்ஈ. பொதுவாக ஒரு புரதம் சவ்வில் ஒரே பக்கமாகத்தான் நிற்கும், தலைகீழ் ஜோடி என்றால் சந்தேகப்படு என்று மேலே நானே சொன்னேன். ஈஎம்ஆர்ஈ நிஜமாகவே ஒன்று நேராகவும் ஒன்று தலைகீழாகவும் ஜோடி சேரும் புரதம். இணையா எதிரிணையா என்று வருடக்கணக்கில் சண்டை நடந்தது. திருத்திய அமைப்பு எதிரிணை பக்கம்தான் நின்றது. ஆகையால் "தலைகீழ் ஜோடி வந்தால் தூக்கிப் போடு" என்று ஸ்கிரிப்டில் ஒரு வரி எழுதினால் ஈஎம்ஆர்ஈ-யையும் தூக்கிப் போட்டுவிடும்.

---

#13 கயல்

அண்ணா, இதைப் படித்ததும் எங்கள் ஆய்வகத்தின் பழைய சர்வரில் தேடினேன். யாரோ முன்னால் படித்தவர்கள் இறக்கிவைத்த பிடிபி நகல் ஒன்று இருக்கிறது. 1ஜேஎஸ்க்யூ அதில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் சொன்ன அதே 2001 எம்எஸ்பிஏ. பிடிபி அதை ஒதுக்கிவைத்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. எங்கள் நகலுக்கு அது தெரியாது.

போன மாதம் நான் அந்த நகலிலிருந்துதான் கோப்புகளை எடுத்தேன்.

---

#14 பைத்தான்_பாண்டி

இதுதான் நிஜமான நோய். மூலம் திருந்திவிடும், நகல் திருந்தாது. வாரா வாரம் பிடிபி வெளியிடும் ஒதுக்கல் பட்டியலோடு ஒப்பிட்டு, ஒதுக்கியவற்றைத் தனி அடைப்புக்குள் தள்ளும் சின்ன ஸ்கிரிப்ட் போடுங்கள். அழிக்க வேண்டாம். ஏன் ஒதுக்கினோம் என்று எழுதிவையுங்கள். அழித்துவிட்டால் அடுத்த ஆள் எங்கிருந்தாவது மறுபடி கொண்டுவந்து வைப்பார்.

---

#15 சந்தேகி

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். பழைய காலத்துக் கவலையாக இருக்கிறதே? ஆல்ஃபாஃபோல்ட் என்ற கணிப்பு மென்பொருள் 2022-லேயே 20 கோடிக்கு மேல் புரதங்களுக்கு அமைப்பு போட்டுவிட்டது. 2024-இல் நோபலும் கொடுத்தாகிவிட்டது. சங்கிலிக் குழப்பம் இல்லை, லைசோசைம் இல்லை, விட்டுப்போன வளையம் இல்லை. எல்லாம் ஒரே முறையில், ஒரே எண் வரிசையில். அதை எடுத்து வைத்துக்கொண்டு எண்ண வேண்டியதுதானே.

---

#16 நடுக்கடல்

சந்தேகி, பாதி சரி. ஹெலிக்ஸ்களை அது நன்றாகவே வைக்கிறது. பழைய அமைப்புகளில் அமினோ அமில வரிசை ஓரிரு ரெசிடியூ சறுக்கிப்போன தப்புகளைக்கூட அதோடு ஒப்பிட்டுப் பிடிக்க முடிகிறது. அந்த உதவியை நான் தினமும் வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் அதற்குச் சவ்வு என்று ஒன்று இருப்பதே தெரியாது. நம்பிக்கை மதிப்பெண் குறைந்த வால்கள், வளையங்கள் எல்லாம் சவ்வு இருக்க வேண்டிய இடத்தைக் குறுக்கே கிழித்துக்கொண்டு நூடுல்ஸ் மாதிரி ஓடும். புடாபெஸ்ட்காரர்கள் இதற்கென்றே டிஎம்ஆல்ஃபாஃபோல்ட் என்று ஒரு தளம் வைத்து, சவ்வோடு பொருந்தாதவற்றை அடையாளம் காட்டுகிறார்கள். கடைசியில் அங்கேயும் தளத்தை நிறுத்துவது அதே டிஎம்டெட் கணக்குதான். கயலின் கேள்வி அப்படியே நிற்கிறது.

அதோடு, டிரான்ஸ்போர்ட்டர் வாயை வெளியே திறந்தும் நிற்கும், உள்ளே திறந்தும் நிற்கும். ஆல்ஃபாஃபோல்ட் தளத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு நிலை. எந்த நிலை என்று அதில் எழுதியிருக்காது.

---

#17 சந்தேகி

ஒரு நிலை போதாதா, ஓரத்து ரெசிடியூவை எண்ணுவதற்கு? நிலை மாறினால் ஓரம் எவ்வளவு மாறும்? எனக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை. ஆனால் சவ்வு தெரியாது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

---

#18 வேதி_வாத்தியார்

இடையில் ஒரு தகவல். சென்னை ஐஐடியில் மைக்கேல் க்ரோமிஹா குழு எம்பிதெர்ம் என்று ஒரு தரவுத்தளம் வைத்திருக்கிறார்கள். சவ்வுப் புரதங்களின் நிலைத்தன்மை அளவீடுகளைக் கட்டுரைகளிலிருந்து பொறுக்கி எடுத்தது. எண்ணோடு, அந்த எண் எந்தச் சூழலில் அளந்தது என்பதும் சேர்ந்தே இருக்கும். கயல் அமைக்கும் பத்திகளுக்கு அது ஒரு மாதிரியாக உதவலாம்.

---

#19 கயல்

நன்றி சார், பார்த்தேன். இந்த மூன்று நாளில் பட்டியலைக் கலைத்து மறுபடி போட்டேன். கைடிடமும் பேசினேன். முதலில் முகம் சுளித்தார், அப்புறம் நடுக்கடல் அக்காவின் #6-ஐப் படிக்கச் சொல்லிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, சின்னதாகவே செய்" என்றார்.

கேசிஎஸ்ஏ வரியை மாதிரிக்குப் போடுகிறேன், குறை சொல்லுங்கள்.

கோப்பு: 1கே4சி. சங்கிலி: சி, யூனிப்ராட்டோடு பொருத்தியது. கூட இருப்பது: ஆன்டிபாடித் துண்டு, கணக்கில் சேர்க்கவில்லை. அசெம்ப்ளி: நான்கு, கண்ணால் பார்த்தது. முறை: எக்ஸ்-ரே, 2.0 ஆங்ஸ்ட்ராம். கடக்கும் ஹெலிக்ஸ்: 2. பாதி வந்து திரும்புவது: 1. இரு முனைகளும்: செல்லின் உட்பக்கம். எல்லை: ஓபிஎம் ஒரு பத்தி, பிடிபிடிஎம் ஒரு பத்தி, சேர்க்கவில்லை. எல்லை எப்படித் தெரியும்: கணக்கு. பக்கம் எப்படித் தெரியும்: சோதனை. ஒதுக்கல் பட்டியலில் பார்த்த தேதி: இன்று.

ஒரே அமினோ அமில வரிசை உள்ள புரதங்கள் பல கோப்புகளில் இருந்தால் ரெசல்யூஷன் நன்றாக உள்ள ஒன்றை மட்டும் வைத்தேன். பட்டியல் பாதிக்குமேல் குறைந்தது.

---

#20 படிகக்காரன்

வரி நன்றாக இருக்கிறது. ஒன்றை மட்டும் வைத்தேன் என்று கடைசியில் சொன்னதுதான் இடிக்கிறது. அப்படியானால் 1கே4டி-யை நீக்கிவிட்டீர்களா?

---

#21 கயல்

ஆமாம் அண்ணா. அதே புரதம், அதே ஆன்டிபாடி, அதே கட்டுரை. 2.3 ஆங்ஸ்ட்ராம். இரட்டை என்று நீக்கினேன்.

---

#22 படிகக்காரன்

திறந்து பாருங்கள். 1கே4சி 200 மில்லிமோலார் பொட்டாசியத்தில் வளர்த்த படிகம். 1கே4டி வெறும் 3 மில்லிமோலாரில். பொட்டாசியம் குறைந்ததும் வடிகட்டி உருக்குலைந்து அயனியை விடாத நிலைக்குப் போய்விடுகிறது. அந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டத்தான் கேசிஎஸ்ஏ-யை ஆராய்ந்த மெக்கினன் குழு 2001-இல் அந்தக் கட்டுரையே எழுதியது. வரிசையை மட்டும் பார்த்தால் இரட்டை. உங்கள் அட்டவணையில் "எந்தக் கரைசலில்" என்று ஒரு பத்தி இல்லை, அதனால் உங்களுக்குத் தெரிய வழியில்லை.

---

#23 கயல்

1கே4டி-யைத் திரும்ப எடுத்து வைத்துவிட்டேன். பொட்டாசியம், பிஎச், டிடர்ஜென்ட் மூன்றுக்கும் பத்தி சேர்த்திருக்கிறேன். நீக்கிய மற்ற கோப்புகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து, எந்தக் கரைசலில் என்று பார்த்துக்கொண்டு வருகிறேன். இன்றைக்கு ஒன்பது முடிந்தது.